முன்னால் நடப்பவன்

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அறையில் நாற்பது ஹெல்மெட்டுகள் நாற்பது ஆணிகளில் தொங்கின. நேற்று வந்த கூட்டத்தின் வியர்வை வாடை இன்னும் போகவில்லை. பல்லி என்று ஊரே கூப்பிடுகிற அந்த ஆள் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏறும் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுக்கொண்டிருந்தான். எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா, உள்ளே கட்டி தட்டியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், இவன் விரலால் பார்த்தான். பழைய ஆள், பழைய பழக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

"மாமா, வந்தாச்சு," என்றபடி மச்சான் உள்ளே நுழைந்தான்.

"யாரு?"

"எமன்தான், வேற யாரு? பொம்பள எமன். கையில அட்டை, காதுல பேனா. காரை நிறுத்த நிழல் தேடிட்டிருக்காங்க."

"சிடுசிடுன்னு இருக்காங்களா?"

"சிரிக்கறாங்க மாமா. அதான் நல்லதாப் படலை."

மச்சான் என்றால் பெண்டாட்டியின் தம்பி. முப்பது வயது, வாய் ஓயாது. குகைக்குள் கூட்டம் போகும்போது முன்னால் போகிறவனுக்குத் தலை என்று பெயர், கடைசியில் வருகிறவனுக்கு வால். பதினோரு வருடமாக இவன் தலை, அவன் வால். பல்லிக்குப் பின்னால் வால் இருந்தால் சொல்லவா வேண்டும்? கம்பெனியில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதகர் வந்து, ஒரு நாள் கூடவே நடந்து பார்த்து, வழிகாட்டி அட்டையில் முத்திரை குத்திவிட்டுப் போவார். முத்திரை இல்லாதவன் குகை வாசலில் காலை வைக்க முடியாது. அந்த ஊரில் மலையை வைத்துப் பிழைக்க இரண்டே வழி. ஒன்று, மலையை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது. இல்லையென்றால் அந்தப் பக்கம் போய் மலையை உடைப்பது. பல்லி இருபத்து நாலு வயது வரை உடைத்தான். அவன் அப்பா முப்பத்தெட்டு வரை உடைத்தார். அதற்கு மேல் மூச்சு இல்லை. குவாரிச் சுவரில் கயிறில்லாமல் இவன் ஏறுவதைப் பார்த்துத்தான் கம்பெனி கூட்டிக்கொண்டது. அன்றைக்கு வைத்த பேர்தான் பல்லி.

இப்போது அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னார். மேடையில் இரண்டு பக்கத் திரையும் மெதுவாக நடுவே வந்து மூடுகிற மாதிரி மூடும், மருந்து கிடையாது, இருட்டில்தான் முதலில் தெரியும் என்று. அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. பகலில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவு மிச்சம் இருந்தது. குழாய்க்குள் வருவது துல்லியமாகத் தெரியும், வெளியே இருப்பது இல்லவே இல்லை. கண் டெஸ்டுக்கு எழுத்துப் பலகையைக் காட்டினால் கடைசி வரி வரை தடதடவென்று படித்துவிடுவான். "கழுகுக் கண்ணுப்பா உனக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற நாற்காலியில் இடித்துக்கொண்டுதான் அந்த அறையை விட்டு வெளியே வந்தான்.

இது மச்சானுக்கு மட்டும் தெரியும். அதே கம்பெனியில் கூட்டவும் துவைக்கவும் வருகிற பெண்டாட்டிக்குத் தெரியாது.

குகைக்குள் வேலை வேறு மாதிரி. முதல் வருடம் அரைகுறையாகத் தெரிந்ததை நம்பித் தலையை இடித்துக்கொண்டான். நிழலைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டினான், பள்ளத்தை நிழல் என்று நினைத்துக் கால் வைத்தான். அப்புறம்தான் புத்தி வந்தது. பாதி தெரிகிற கண்தான் ஏமாற்றும், மூடின கண் ஏமாற்றாது. அதற்குப் பிறகு உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டான். வாசலிலிருந்து நாற்பத்தொரு எட்டு, குனிகிற இடம். அங்கிருந்து இருபத்தாறு, பெரிய வயிறு என்று அவர்கள் சொல்லும் கூடம். பிறகு இடுக்கு, பிறகு பள்ளத்தின் மேல் போட்ட இரும்புப் பலகை, பதினாலு எட்டு. கைக்கு எந்தக் கல் எங்கே வரும் என்று மனப்பாடம். கூட்டம் பின்னால் வருவதால் அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. திரும்பிப் பேசும்போது மட்டும் கண்ணைத் திறந்துகொள்வான்.

கூட்டத்தில் ஏதாவது பிள்ளை வழி தவறினால் வாலிலிருந்து மச்சான் குரல் கொடுப்பான். "இடது பக்கம் போட்டோ எடுக்காதீங்க" என்றால் இடது பக்கம் எவனோ ஒதுங்குகிறான். "செருப்பு வழுக்குதா?" என்றால் நில்லு. இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. ஒரு பிள்ளைக்கு முழங்கால்கூடச் சிராய்க்கவில்லை.

கிளம்புவதற்கு முன் விளக்கை எடுத்தான். சார்ஜர் தட்டில் பன்னிரண்டு தலைவிளக்குகள் கிடந்தன. நிறைந்ததற்குப் பச்சைப் பொட்டு எரியும். அந்தப் பொட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் ஆகும் என்பதால், தொட்டுப் பார்த்து எது சுடுகிறதோ அதை எடுப்பான். சார்ஜ் ஏறிய விளக்கு சுடும். அன்றைக்கு எல்லாமே சுட்டன. நல்லது என்று ஒன்றை எடுத்து நெற்றியில் மாட்டினான்.

அன்றைய கூட்டம் ஒரே குடும்பம். தொந்தி வைத்த அப்பா, ஒல்லியான அம்மா, பன்னிரண்டு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண். கூடவே பரிசோதகர். காலையில் பாறை, மதியம் குகை.

பாறை முப்பது அடி. பிள்ளைகள் ஏறுவதற்காகவே கம்பெனி பார்த்து வைத்தது. பல்லி அப்பாவின் இடுப்புப் பட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"தம்பி, இந்தக் கயிறு தாங்குமா?"

"லாரியையே தாங்கும் சார்."

"லாரிக்குப் பயம் கிடையாதேப்பா. எனக்கு இருக்கே."

"நீங்க ஏறுங்க," என்றாள் அம்மா. "வீட்டுல என் மேல ஏறுறீங்களே, அந்த வீரம் எங்க போச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். பரிசோதகரும் சிரித்தார். பல்லியின் கையைப் பார்த்துக்கொண்டே, "முடிச்சைப் பாக்காமலே போடறீங்க," என்றார்.

"இருபது வருஷம் மேடம். கைக்கே தெரியும்."

அவர் அட்டையில் ஏதோ எழுதினார். அப்பா எட்டு அடியில் நின்று இறங்கிவிட்டார். அம்மா உச்சி வரை போய்ச் சேர்ந்து, மேலிருந்து புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சின்னப் பெண் ஏறும்போது பல்லி கீழே நின்று கயிற்றைப் பிடித்தான். குழாய்க்குள் அவள் ஷூ தெரிந்தது. பிறகு ஷூ மேலே போய்விட்டது, வெறும் பாறை தெரிந்தது. கயிறு கையில் லேசாகத் தளர்வதையும் இழுப்பதையும் வைத்து அவள் எங்கே இருக்கிறாள் என்று அறிந்தான். "வலது காலுக்குப் பக்கத்துல ஒரு மேடு இருக்கும் பாரு கண்ணு," என்றான். இருந்தது. அந்தப் பாறையின் மேடு பள்ளம் எல்லாம் அவன் உடம்பில் இருந்தது.

குகை வாசலில் மச்சான் ஒவ்வொருவர் விளக்காகப் பார்த்தான். "மாமா, உங்களோடது பளிச்சுன்னு இருக்கு," என்று சத்தமாகவே சொன்னான். பரிசோதகர் குடும்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் மச்சான்.

நாற்பத்தொன்று. குனிந்தார்கள். இருபத்தாறு. பெரிய வயிற்றில் குரல் எதிரொலித்தது. பிள்ளைகள் கத்திப் பார்த்தார்கள், அப்பாவும் கத்திப் பார்த்தார். பல்லி திரும்பி, கண்ணைத் திறந்து, எப்போதும் சொல்வதைச் சொன்னான்.

"இப்ப எல்லாரும் லைட்டை அணைங்க. ஒரு நிமிஷம். உங்க கையை உங்க மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாருங்க. தெரியாது. இந்த மாதிரி இருட்டை நீங்க வெளிய எங்கயும் பாக்க முடியாது."

ஒவ்வொரு கூட்டத்துக்கும் செய்கிற வழக்கம் அது. விளக்குகள் அணைந்தன. பெண் குழந்தை அம்மாவைக் கட்டிக்கொண்டது மூச்சிலேயே தெரிந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். பல்லிக்கு நாள் முழுக்க மனசு இளைப்பாறுகிற ஒரே நிமிடம் அது. எல்லாரும் அவன் நிலைமைக்கு வந்துவிடுவார்கள். அதில் கொஞ்சம் அற்ப சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

"சரி, போடுங்க."

டிக் டிக்கென்று சத்தம். அவனும் அழுத்தினான், டிக்கென்றது. திரும்பினான், கண்ணை மூடினான், நடந்தான்.

இடுக்கில் எல்லாரும் ஒருக்களித்து நுழைந்தார்கள். அதற்குள் ஒரு வளைவு. வளைவு திரும்பினால் வாலுக்குத் தலை தெரியாது.

"அங்கிள்," என்றாள் சின்னப் பெண். "நீங்க லைட் போடலையா?"

"போட்டிருக்கேனே கண்ணு. பாரு, எவ்வளவு வெளிச்சம்!"

பையன் கெக்கெக்கே என்று சிரித்தான். "அங்கிள் காமெடி பண்றாரு."

என்ன காமெடி என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கூட்டம் சிரித்தால் கூடச் சிரிப்பதுதான் வேலை. "பின்ன என்ன, லைட் இல்லாம போக நான் என்ன வௌவாலா?" என்றான்.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிரமாதம் போங்க! டிக்கெட்டுக்குத் தகுந்த ஆளு!"

இந்த மாதிரி கூட்டம் அமைந்தால் முத்திரை விழுந்த மாதிரிதான் என்று பல்லி நினைத்தான். உற்சாகத்தில் குரலும் ஏறியது. "இப்ப இரும்புப் பலகை. பதினாலு எட்டு. ரெண்டு பக்கமும் கம்பியைப் பிடிச்சுக்குங்க. கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க."

பின்னால் அவர்கள் அவனைப் பார்த்தார்கள். முன்னால் ஒரு சொட்டு வெளிச்சம் இல்லாத இருட்டுக்குள், கையை வீசிக்கொண்டு, பள்ளத்தின் மேல் ஒருத்தன் நடந்து போகிறான். பிள்ளைகள் கை தட்டினார்கள். பதினாலாவது எட்டில் நின்று அவன் இடது பக்கம் ஒதுங்கினான். ஒவ்வொருவராகக் கடந்து வந்தார்கள்.

"அப்படியே நில்லுங்க," என்றது பரிசோதகரின் குரல், மிக அருகில்.

"சொல்லுங்க மேடம்."

"கண்ணைத் திறங்க."

திறந்தான். கல்லின் மேல் மங்கலாக ஏதோ ஆடியது, அவ்வளவுதான். கை தானாக நெற்றிக்குப் போனது. விளக்கு ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையில் பெண்டாட்டி அறையைக் கூட்டும்போது சார்ஜர் தட்டை ஜன்னல் ஓரம் நகர்த்தி வைத்திருக்கிறாள். விளக்குகள் வெயிலில் சுட்டிருக்கின்றன, இவன் எடுத்தது சார்ஜ் தீரப்போகிற விளக்கு.

"ஷோதான் மேடம். பிள்ளைங்களுக்காகச் சும்மா..."

"சரி. என்கிட்ட வேற லைட் இருக்கு. இந்தாங்க, வாங்கி மாட்டிக்குங்க."

கையை நேராக நீட்டினான். ஒன்றும் அகப்படவில்லை. கொஞ்சம் வலது பக்கம் துழாவினான். எங்கோ தண்ணீர் சொட்டியது. பிறகு ஒரு சின்னக் கை அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே, பரிசோதகர் நீட்டியிருந்த விளக்கின் மேல் கொண்டுபோய் வைத்தது.

"இங்க இருக்கு அங்கிள்."

பலகையைக் கடந்து ஓடி வந்த மச்சானின் மூச்சு இரைத்தது. "மேடம், என்னாச்சு மேடம்?"

"நீங்க முன்னால போங்க," என்றார் பரிசோதகர். "எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. இவரு நடுவுல வரட்டும்."

நடுவில் வந்தான். சின்னப் பெண் கையை விடவில்லை. "கல்லு இருக்கு அங்கிள்", "குனிங்க அங்கிள்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கல்லும் அவனுக்குத் தெரியும். சொன்ன இடத்தில் எல்லாம் சரி கண்ணு என்று குனிந்தான். அப்பாவின் சிரிப்பு அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. வெளியே வெயிலுக்கு வந்ததும் அம்மா வந்து பெண்ணின் கையை அவன் கையிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, அவசரமாக.

மேனேஜர் அறையில் மச்சானை முதலில் கூப்பிட்டார்கள். பல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்து வைத்தான். எனக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது, நான் அவனையும் ஏமாற்றினேன். அவன் அட்டையாவது தப்பிக்கட்டும்.

ஆனால் கதவு மெல்லியது. உள்ளே மச்சானின் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணு தெரியலைன்னு சொல்றீங்களே மேடம், நாலு வருஷமா இப்படித்தான் போறாரு. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? கேட்டுப் பாருங்க! கண்ணு இருக்கறவன் எத்தனை பேரு காலை உடைச்சிருக்கான்? இவரு குகையை மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு மேடம். பின்னால நான் இருக்கேன், குரல் கொடுக்கறேன். எங்க ரெண்டு பேருக்கும் அதெல்லாம் பழக்கம்."

பல்லி எழுந்துவிட்டான். கதவைத் தள்ளி, "அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றான். சொன்ன பிறகுதான் எவ்வளவு தாமதம் என்று அவனுக்கே புரிந்தது.

"இப்பத்தான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சாரு," என்றார் பரிசோதகர். குரலில் சூடு இல்லை. "உங்களைக் காப்பாத்தணும்னு சொன்னாரு. எனக்குப் புரியுது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பலகைக்கு நடுவுல அந்தப் பொண்ணு கம்பியை விட்டுட்டு நின்னுருந்தா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

மச்சான் வாயைத் திறந்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் தான் இருந்தது ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். இந்தக் கேள்வியை நாலு வருடமாகப் பல்லி தன்னிடம் கேட்காமலேயே நகர்த்தி வந்திருந்தான்.

"ரெண்டு அட்டையையும் வைங்க."

வைத்தார்கள். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். துவைக்கிற இடத்திலாவது போட்டுக்கொடுங்கள் என்று மச்சான் கேட்டதற்கு, "வெளிய தெரிஞ்சா கடையையே இழுத்து மூடணும்பா. உங்க அக்கா வேலையில இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வராதீங்க," என்றார்.

பின்கட்டில் பெண்டாட்டி குகை உடுப்புகளைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் அதற்குள் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"நீ பயப்படுவேன்னு..."

"பதினஞ்சு வருஷமா நீ கயித்துல தொங்கறதைப் பாத்துட்டுச் சோறு பொங்கறேன். இனிமே புதுசா என்ன பயப்படப் போறேன்?" பிரஷ் கல்லில் மோதியது. "உனக்குக் கண்ணு போச்சு, அது உன் விதி. அவன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். அவன் அட்டையையும் சேத்து எதுக்குக் கொண்டுபோய்க் குழியில போட்ட?"

அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சத்தத்தில் அதற்கு மேல் பேசத் தேவையில்லாமல் போனது. அன்றிலிருந்து ஒரு வாரம் அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் குவாரி கேட்டில் போய் நின்றார்கள். மேஸ்திரி பழைய ஆள், பல்லியின் அப்பாவோடு வேலை பார்த்தவர்.

"என்னடா பல்லி, சுவர் ஏறிப் போனவன் திரும்ப இறங்கி வந்துட்டியா?"

"ஏதாவது வேலை குடுங்கண்ணே. சுமக்கறேன், உடைக்கறேன், எதுன்னாலும்."

"கேள்விப்பட்டேன்டா." மேஸ்திரி அவன் தோளில் கை வைத்தார். "வெடி வைக்கிற இடம்டா இது. லாரி பின்னால வரும், கல்லு மேலேருந்து வரும். உன்னை உள்ள விட்டு உன் சாவை நான் சுமக்கணுமா? வீட்டுக்குப் போடா." பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "நீ கயித்துல இறங்குவியா?"

"இறங்குவேண்ணே."

வெடி வைத்த பிறகு சுவரில் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கல்லை, கயிற்றில் தொங்கியபடி கடப்பாரையால் நெம்பித் தள்ள வேண்டும். தள்ளுகிற கல் எந்தப் பக்கம் போகும் என்பது கல்லுக்குத்தான் தெரியும். முன்பு அதைச் செய்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதனால்தான் ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி கொடுத்த கயிற்றைப் பல்லி வாங்கி விரலில் ஓடவிட்டான். ஆறு அடிக்குள் இரண்டு இடத்தில் உள்ளே கட்டி தட்டியது.

"இது வேணாம்டா மச்சான்."

"வேற கயிறு இல்லப்பா," என்றார் மேஸ்திரி.

"பரவால்ல மாமா, நான் பாத்துக்கறேன்." மச்சான் கயிற்றை அவன் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டான். கேட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்தினான். "அக்காகிட்ட கயித்து வேலைன்னு சொல்லிடாதீங்க. கீழ கல்லு பொறுக்கறேன்னு சொல்லுங்க. அது அக்காகிட்டப் போனா என் பொண்டாட்டி காதுக்கும் போயிடும். இந்த நிலைமையில அவளுக்கு வேணாம்."

"மச்சான்..."

"ரெண்டு மாசம்தான் மாமா. அப்புறம் பாத்துக்கலாம்." சிரித்தான், அல்லது சிரிக்கிற மாதிரி சத்தம் வந்தது. "சுவர் ஓரமாவே நடந்து போங்க. லாரி வரும்."

சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து வீடு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. பெண்டாட்டி வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். உட்காருகிற சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து பேசினாள். ஒரு வாரத்தில் அவள் பேசின முதல் வார்த்தை.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"என்னை இல்ல. அவனை."

"என்ன வேலை?"

"கீழதான். கல்லு பொறுக்கறது."

"கயித்துல ஏத்தலையே?"

"இல்ல."

"நிஜமா?"

"அதான் சொல்றேனே. கீழதான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் டீயை அவன் முன்னால் வைத்தாள். "வலது கைக்கு நேரா இருக்கு," என்றாள். குரலில் பழைய பிரியம் கொஞ்சம் திரும்பியிருந்தது. அவன் கையை நீட்டி எடுத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு வெடிச் சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. தூசி அமர்ந்ததும் கயிற்று ஆட்கள் இறங்குவார்கள்.

"வெடி வச்சிட்டாங்க," என்றாள் அவள். "அவன் தள்ளித்தானே நிப்பான்?"

"தள்ளித்தான் நிப்பான்," என்றான் அவன்.